கான்டெஸ்ட்டில் 5 வாட்: திறமையா, அடுத்தவர் காதுக்குத் தண்டனையா?

முத்தியால்பேட்டை மாடி:
நவம்பர் கடைசி முழு வார இறுதியில் சிக்யூ வேர்ல்டு வைடு சிடபிள்யூ போட்டி வருகிறது, உலகம் முழுக்க ஹாம் ரேடியோக்காரர்கள் மோர்ஸ் கோடில் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பாயிண்ட் சேர்க்கும் போட்டி. 5 வாட், அதாவது கியூஆர்பி என்கிற மிகக் குறைந்த சக்திப் பிரிவில் இறங்கப் போகிறேன் என்றதும் இங்கே ஒரு சீனியர் சிரித்துவிட்டார். ஜெனரல் கிரேடு லைசென்ஸுக்கு 400 வாட் வரை அனுமதி இருக்கும்போது 5 வாட் எதற்கு, போட்டி என்றால் பலத்தோடு வா என்கிறார். கணக்கைப் பாருங்கள். 100 வாட்டிலிருந்து 5-க்கு இறங்கினால் குறைவது 13 டெசிபல். ரிசீவர் மீட்டரில் சிக்னல் பலத்தைக் காட்டும் ஒரு எஸ் யூனிட்டுக்கு 6 டெசிபல் என்று வைத்தால் இரண்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இத்தாலியில் எஸ்7-ல் கேட்கிறவன் 5 பக்கம் கேட்பான். என்ன குடிமுழுகிவிடும்?

கடலூர் பழைய கீ:
தம்பி, அந்தக் கணக்கு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாண்ட் (அலைவரிசை) காலியாக இருக்கும்போது சரி. போட்டியன்று 14 மெகாஹெர்ட்ஸில் இடமே இருக்காது, உங்கள் எஸ்5-க்கு மேலே நாலு பேர் எஸ்9-ல் உட்கார்ந்திருப்பான். அந்த இத்தாலிக்காரன் உங்கள் கால்சைனை, அதாவது நிலையத்தின் அடையாள எழுத்துகளைப் பிடிக்க மூன்று தடவை கேள்விக்குறி அடிக்கணும். அந்த நேரத்தில் அவனுக்கு இரண்டு மூன்று கான்டாக்ட் போச்சு. உயரமான டவரில் பீம் ஆன்டெனா ஏற்றிச் செலவு செய்தவன் அவன், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் அவன், பெயர் மட்டும் உங்களுக்கு. கடைசியில் காது கேட்டதோ இல்லையோ, எல்லாருக்கும் 'அருமையாகக் கேட்கிறது' என்று ஒரே 599 வேறு!

முத்தியால்பேட்டை மாடி:
அண்ணே, அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே. பதில் சொல்வது அவனுக்கே லாபம் என்பதால்தான் மெனக்கெடுகிறான். வேறு கண்டம் என்பதால் 3 பாயிண்ட். அந்த பாண்டில் இந்தியா இன்னும் அவன் லாகில் (தொடர்புப் பதிவேட்டில்) இல்லையென்றால் நாடு ஒரு மல்டிபிளையர், அதாவது மொத்தப் பாயிண்டைப் பெருக்கும் எண்ணில் ஒன்று; நம் மண்டலம் 22 இன்னொரு மல்டிபிளையர். சனிக்கிழமை எல்லாரும் ஒரே நேரத்தில் அவனைக் கூப்பிடும் பைல்அப்பில் நான் மோதமாட்டேன். ஞாயிறு சாயங்காலம் சத்தமானவர்கள் எல்லாரையும் பிடித்து முடித்துவிட்டு, சிக்யூ சிக்யூ (யாராவது வாருங்கள்) என்று ஆளில்லாமல் கத்திக்கொண்டிருப்பான் பாருங்கள், அப்போது போய் ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும். அந்த நேரம் தெரிந்து கூப்பிடுவதைத்தான் நான் திறமை என்கிறேன்.

உப்புக்காத்து:
தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவனுக்கு இந்தச் சண்டையே தேவையில்லை. உப்புத் தண்ணீர் ஓரத்தில் ஒரு வெர்டிகல் (செங்குத்து ஆன்டெனா) நட்டால் தாழ்ந்த கோணத்தில் சிக்னல் பிய்த்துக்கொண்டு போகும். காலையில் 28 மெகாஹெர்ட்ஸில் ஜப்பான் வரிசையாக வருவான்.

கடலூர் பழைய கீ:
ஜப்பானும் ஆசியா ஐயா, 1 பாயிண்ட்தான். கூட்டமும் பாயிண்டும் ஐரோப்பாவில் இருக்கிறது. அது வடமேற்கே, கடல் நமக்குக் கிழக்கே. இங்கிருந்து போகிற சிக்னல் கடலைப் பார்க்காது, செஞ்சி மலையைத்தான் பார்க்கும்.

உப்புக்காத்து:
இந்தோனேசியா, பிலிப்பைன்ஸை விட்டுவிட்டீர்களே சார். போட்டிக் கணக்கில் இரண்டும் ஓஷியானியா, தலைக்கு 3. ஆஸ்திரேலியாவும் அதே பக்கம்தான். என் கவலை வேறு, உப்புக் காற்றில் கனெக்டர் பச்சைப் பூத்துப் போகிறது. அதற்கு என்ன தடவுகிறீர்கள்?

கடலூர் பழைய கீ:
தடவுவது பிறகு, முதலில் கேபிளைப் பாருங்கள். 28 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் போட்டால் சக்தியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வழியிலேயே போய்விடும். 100 வாட்காரன் தாங்குவான், 5 வாட்காரன் 3 வாட்காரன் ஆகிவிடுவான். இன்னொன்றும் கேட்கிறேன். 5 வாட் என்று லாகில் எழுதிவிட்டு 30 விடுகிறவனை யார் போய் அளக்கப் போகிறார்கள்?

முத்தியால்பேட்டை மாடி:
அதே ஆள் லோ பவர் (100 வாட் வரை) என்று எழுதிவிட்டு 400-ம் விடலாமே, அதற்காக அந்தப் பிரிவை மூடிவிடுவோமா? ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கில் உலகம் முழுக்க ஸ்கிம்மர்கள் (தானாகக் கேட்டுப் பதியும் ரிசீவர்கள்) நம் சிக்னல் எத்தனை டெசிபல் என்று பதிவுசெய்கின்றன. பக்கத்து ஊர் 100 வாட்காரனோடு ஒருவன் தொடர்ந்து சரிசமமாக விழுந்தால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அப்புறம் மழைக்காலத்தை யாருமே பேசவில்லை. 2024-ல் போட்டி முடிந்த அடுத்த சனிக்கிழமைதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. இந்த மாசத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் உங்கள் 400 வாட்டும் தூங்கும். என் ரிக் (ரேடியோ) டிரான்ஸ்மிட்டில் ஏறக்குறைய 1 ஆம்பியர்தான் இழுக்கிறது, 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ராத்திரியைத் தள்ளிவிடும். எல்இடி பல்பெல்லாம் அணைந்ததும் எஸ்5-ல் நின்ற இரைச்சல் அப்படியே சரிந்து, அதுவரை இல்லாத ஸ்டேஷன்கள் அடியிலிருந்து எழுந்து வரும். எதிர்வீட்டு இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கும் வரை அது சொர்க்கம்.

கடலூர் பழைய கீ:
பேட்டரி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். மற்றது முடியாது. கேட்பவன் உழைப்பில் ஜெயிப்பதை நான் திறமை என்று எழுதித் தரமாட்டேன். சனிக்கிழமை காலை 5:30-க்குத் தொடங்கும்போது 7 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பா திறந்திருக்கும், விடிந்து வெயில் ஏறினால் மங்கிவிடும், அதை விட்டுவிடாதீர்கள். 28-ஐ மத்தியானத்துக்கு மேல் பாருங்கள். நான் 100 வாட்டில்தான் வருவேன். வழியில் என்னைக் கேட்டால் கூப்பிடுங்கள், உங்கள் 5 வாட் இங்கே எஸ்9-ல் விழும். ஒரே நாடு என்பதால் இரண்டு பேருக்கும் பூஜ்யம் பாயிண்ட்தான், மல்டிபிளையராவது கிடைக்கும்.