டைவர்ஷன் திட்டங்கள்ல வேலை பார்க்கிறவங்க யாராவது இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடிச்சு மூணு வருஷமா போதை மறுவாழ்வு மையத்துல கவுன்சிலரா இருக்கேன். சின்னக் குற்றத்துல முதல் தடவை மாட்டினவங்களை தண்டனை வரைக்கும் இழுக்காம, சிகிச்சை, ஆலோசனை, சமூக சேவைன்னு திருப்பிவிடற டைவர்ஷன் பக்கம் போகலாம்னு யோசனை.

காரணம் ஒரு பத்தொன்பது வயசுப் பையன். வரும்போதெல்லாம் ஒரு ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டே உட்காருவான். உள்ளே வேலைக்கான விண்ணப்பங்கள். எல்லாத்தையும் அழகா நிரப்பியிருப்பான், ‘உங்கள்மீது வழக்கு உண்டா?’ங்கிற கட்டம் மட்டும் காலி.

1989ல அமெரிக்காவோட மயாமியில தொடங்கின போதைப்பொருள் நீதிமன்றம் (சிறைக்குப் பதிலா நீதிபதி கண்காணிப்புல சிகிச்சை), அதே வருஷம் நியூசிலாந்து சிறார் சட்டத்துல வந்த குடும்பக் கூட்டம் (தப்பு பண்ணின சிறாரோட குடும்பமும் பாதிக்கப்பட்டவங்களும் உட்கார்ந்து பேசி அடுத்து என்னன்னு முடிவெடுக்கிறது), ரெண்டையும் பத்திப் படிச்சேன். கேஸ் மேனேஜர், மதிப்பீட்டாளர், நீதிமன்றத் தொடர்பாளர், மத்தியஸ்தர்னு வேலைகளோட பேர் தெரியுது. ஆனா ஒரு நாள் எப்படிப் போகும்னு படிச்சுத் தெரிஞ்சுக்க முடியலை.

முக்கியமான சந்தேகம் இதுதான்: நம்மை நம்பி ஒருத்தர் ‘நேத்து மறுபடி குடிச்சிட்டேன்’னு சொன்னா, அதை நீதிமன்ற அறிக்கையில எழுதணுமா? எழுதினா அடுத்த வாரம் வாய் திறப்பாரா? நீங்க முதல் சந்திப்புலயே இதை எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறீங்க?

அப்புறம், கவுன்சிலிங் அனுபவம் மட்டும் போதுமா, குற்றவியல்ல டிப்ளமா வேணுமா? கோர்ஸ் விக்கிறவங்க தயவுசெஞ்சு இன்பாக்ஸ் வராதீங்க. கேஸ் மேனேஜரா இருக்கிறவங்க, ஒரே நேரத்துல எத்தனை பேரைக் கவனிக்கிறீங்கன்னும் சொன்னா உதவியா இருக்கும்.