ஒரே கோட்டில் கம்பிக்கோலம்: சந்திகள் கறுக்காமல் கீற வழி இருக்கோ?

வணக்கம். கிளிநொச்சியில 5 அடிக்கு 4 அடி கன்வஸில அக்ரிலிக் ஓவியம் ஒன்று நடக்குது. கரு: எல்லா உயிரையும் சுற்றி ஒரே கோடு, கம்பிக்கோலத்தில புள்ளிகளைச் சுற்றி வளைஞ்சு போற மாதிரி. புள்ளிகள் 10 அங்குல இடைவெளியில 5க்கு 4. 5க்கு 5 வைச்சால் கோடு ஐந்து தனி வளையமாப் பிரிஞ்சிடும், பிறகு கருவே இல்லை. இரண்டு எண்ணையும் பொதுவாய் வகுக்கிற எண் 1ஐத் தவிர வேற இருக்கக்கூடாது.

இந்த அமைப்பில நட்டநடுவில புள்ளி வராது, கோடு தன்னையே வெட்டுற சந்திதான் வரும். இந்திய ஓவியர் எஸ்.எச். ரஸா நடுவில வைக்கிற 'பிந்து' எண்ட வட்டப் புள்ளி போல இல்லை. அதுவும் நல்லதுதான், அங்கதான் முல்லைத்தீவு வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலில கடல்நீரில எரியிற உப்புநீர் விளக்கைக் கீறப்போறன்.

சிக்கல் இதுதான். கோடு 31 இடத்தில தன்னைத்தானே வெட்டுது. ஒளி ஊடுருவுற நீலம் எண்டபடியால் ஒவ்வொரு சந்தியும் இரட்டைப் பூச்சாகிக் கறுக்குது. வன்னி வெயிலுக்கு வர்ணம் உடனே காயுது. தூரிகையைத் திரும்பத் தோய்க்கிற இடமெல்லாம் தழும்பு. உலர்வைத் தாமதிக்கிற திரவம் கூடினால் பிசுபிசுக்குது. வெள்ளை கலந்தால் கறுப்புப் போகும், ஆனால் நீலம் செத்துப்போகும்.

சந்தியில டேப் ஒட்டி மறைச்சுக் கீறின ஆக்கள் இருக்கிறியளோ? விளிம்பால வர்ணம் கசியாமல் என்ன செய்தனீங்கள்? எத்தினை இலக்கத் தூரிகை?