அம்மாவின் காலைச் சீனி இறங்கவில்லை: ஈரல் வைரஸ் காரணமாகுமா?

உப்புவெளி மகள்:
அம்மாவுக்கு 61 வயது. ஆறு வருடமாகச் சீனி வருத்தம். சீனி குறைக்கும் மாத்திரைகளான மெட்ஃபோமினும் கிளிக்லசைடும் ஒழுங்காகப் போடுகிறார். மெலிந்த உடம்பு. எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இது இல்லை. பிளேன்டீகூடச் சீனி போடாமல்தான். இரவில் ஒரு சிறு துண்டு குரக்கன் புட்டும் மீன் சொதியும், அவ்வளவுதான். இருந்தும் வெறும் வயிற்றில் 170, 180 காட்டுகிறது.

போன மாதம் ஈரல் என்சைம் கூடியிருக்கிறது என்று மேலும் சோதித்தார்கள். ஹெபடைட்டிஸ் சி என்று வந்தது. 1986-ல் அண்ணா பிறந்தபோது அம்மாவுக்கு இரண்டு தடவை ரத்தம் ஏற்றினார்களாம். வைரஸ் வர வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்த வைரஸுக்கும் சீனிக்கும் தொடர்பு உண்டா? "களவாக ஏதும் சாப்பிடுறீங்களா அம்மா" என்று நானே எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். அதனால்தான் எனக்கு இது தெரிய வேண்டும்.

மூதூர் மருந்தாளர்:
தொடர்பு உண்டு, தங்கச்சி. அம்மா சொன்னதை நம்புங்கள்.

நாம் தூங்கும்போது ஈரல்தான் ரத்தத்துக்குச் சீனியை விடுகிறது. "போதும், நிறுத்து" என்று சொல்வது இன்சுலின். அந்தச் சொல்லை ஈரல் கலத்துக்குள்ளே கொண்டுபோக சில புரதங்கள் இருக்கின்றன. ஹெபடைட்டிஸ் சி வைரஸின் உட்கருப் புரதம் அவற்றைச் சிதைய வைக்கிறது. நாட்பட்ட அழற்சியும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இன்சுலின் இருந்தும் சொல் போய்ச் சேராததால் ஈரல் விடிய விடியச் சீனியை விட்டுக்கொண்டே இருக்கும். சாப்பாட்டை எவ்வளவு குறைத்தாலும் காலையில் கூடி நிற்பது இதனால்தான்.

மறுபக்கமும் உண்டு. இன்சுலின் எடுபடாத உடம்பில் ஈரலில் கொழுப்பு படியும், தழும்பும் வேகமாக ஏறும். நம் தெற்காசியப் பக்கம் அதிகம் காணப்படும் மூன்றாம் மரபு வகை வைரஸ், தானாகவே ஈரலில் கொழுப்பைப் படிய வைக்கக்கூடியது.

ரத்தம் பற்றிச் சொன்னீர்களே, இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1989-ல்தான். 1986-ல் அதைச் சோதிக்க யாருக்கும் வழி இருக்கவில்லை.

கிண்ணியா வாசகன்:
என் மாமாவுக்கு ஹெபடைட்டிஸ் பி. அவருக்கும் இப்படி வருமா?

மூதூர் மருந்தாளர்:
பி வைரஸில் இவ்வளவு தெளிவான தொடர்பு காணப்படவில்லை. ஆனால் ஈரல் சுருங்கும் நிலைக்குப் போனால் எந்தக் காரணமானாலும் சீனி குழம்பும். அவருக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தங்கச்சி, இன்னொன்று. சி-க்கு இப்போது 12 வார மாத்திரை இருக்கிறது, நூற்றில் 95 பேருக்கு மேல் வைரஸ் போய்விடும். எல்லாருக்கும் சீனி இறங்கும் என்று சொல்ல மாட்டேன். இறங்கினால் பழைய கிளிக்லசைட் அளவே சீனியை மிகவும் தாழ்த்தி ஆபத்தாகிவிடும். தொடங்கும் அன்றே நீரிழிவு கிளினிக்கிலும் சொல்லுங்கள், வீட்டில் மீட்டர் வைத்திருங்கள்.

உப்புவெளி மகள் (இரண்டு மாதம் கழித்து):
நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நான் எத்தனை தரம் சொன்னனான்" என்று மட்டும் சொன்னார்.

மாத்திரை தொடங்கி ஐந்தாவது வாரம். போன செவ்வாய் பகல் பதினொரு மணிக்கு வேர்த்துக் கை நடுங்கியது. மீட்டரில் 62. சீனி கரைத்துக் கொடுத்தேன், கால் மணி நேரத்தில் 96. மறுநாள் கிளினிக்கில் கிளிக்லசைடைப் பாதியாக்கிவிட்டார்கள். இன்று காலை வெறும் வயிற்றில் 128.