ரெலிமெற்றிக்குத் தமிழ் என்ன? தீயணைப்புக் கைநூலுக்கு அவசரம்

வெள்ளவத்தை, திங்கள் காலை

எல்லோருக்கும் வணக்கம்.

தீயணைப்பு வீரர்களுக்கான பயிற்சிக் கைநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சிங்களப் பதிப்பு முடிந்துவிட்டது. தமிழ் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஓர் அத்தியாயம் மட்டும் நகர மறுக்கிறது.

விஷயம் இதுதான். புகைக்குள் போகிறவரின் முதுகில் சுவாச உருளை இருக்கிறது. அதில் எவ்வளவு அமுக்கம் மீதி, ஆள் அசைகிறாரா, சுற்றிலும் வெப்பம் எவ்வளவு என்பதையெல்லாம் கருவிகளே அளந்து ரேடியோ வழியாக வெளியே அனுப்புகின்றன. பம்பு வண்டியின் தண்ணீர் மட்டமும் அதே திரைக்கு வருகிறது. அதைப் பார்த்து, யாரை எப்போது வெளியே கூப்பிடுவது என்று வெளியில் நிற்கும் அதிகாரி முடிவெடுக்கிறார். உள்ளே போன நேரத்தைப் பலகையில் எழுதி மனக்கணக்குப் போட்ட வேலைதான் இப்படி மாறியிருக்கிறது.

இதைத்தான் ஆங்கிலத்தில் ரெலிமெற்றி என்கிறார்கள். இந்தக் கருவிகள் அனுப்பும் தரவுக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்கு 'இணைகருவித் தரவு' என்று போட்டிருக்கிறேன். 'தொலையளவியல்' என்பது பல்கலைக்கழகப் பாடத்தின் பெயர் மாதிரி இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

கொட்டாஞ்சேனை, திங்கள் மாலை

தம்பி, இணைகருவி நல்ல வினைத்தொகை. இணைந்த கருவி, இணைகின்ற கருவி, இணையும் கருவி, மூன்றும் அதற்குள் அடக்கம். எனக்கு உறுத்துவதும் அதுதான். வினைத்தொகையில் காலம் மறைந்து நிற்கும். நீங்கள் சொல்லும் வேலையில் காலம்தான் உயிர். இந்த நிமிடம் இணைந்திருக்கிறதா இல்லையா என்பதே கேள்வியாக இருக்கும்போது, காலத்தை மறைக்கும் சொல் எதற்கு? இன்னொன்று, இணை என்றால் சோடி என்றும் பொருள். துணைக்கருவி என்று வாசித்துவிடுவார்கள்.

என் பரிந்துரை 'சேணளவை'. சேண் என்றால் தொலைவு, உயரம் இரண்டும். அடுக்குமாடி பெருகிவிட்ட கொழும்புக்கு இரண்டு பொருளும் பொருந்தும். சேய்மையும் இதன் உறவுதான். பழைய சொல், செலவில்லாமல் கிடைக்கிறது.

பம்பலப்பிட்டி, திங்கள் இரவு

ஐயா, மன்னிக்க வேண்டும். சேணுலகம் என்றால் மேலுலகம். தீக்குள் போகிறவரின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வேண்டாம். என் மாணவர்களுக்கோ சேண் என்றதும் குதிரைச் சேணம்தான் நினைவுக்கு வரும். வகுப்பில் ஒருமுறை எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணம், செவ்வாய் காலை

ரெலிமெற்றி என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்? வடசொல்லையே எழுத்தை மாற்றி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியர் வழி விட்டிருக்கிறார். பஸ்ஸையும் ரேடியோவையும் எடுத்த கைதானே இது.

சென்னை, செவ்வாய் மதியம்

உங்கள் ரெலிமெற்றி எங்களுக்கு டெலிமெட்ரி. ஒலிபெயர்ப்பிலேயே இரண்டு சொல் ஆகிவிட்டது. அப்புறம், 'அமுக்கம்' வேண்டாம், 'அழுத்தம்' என்று போடுங்கள். இங்கே அமுக்கு என்றால் கையால் அமுக்குவதுதான்.

பம்பலப்பிட்டி, செவ்வாய் மாலை

எங்கள் விஞ்ஞானப் பாடநூலில் அமுக்கம்தான். ஒட்சிசனும் அப்படித்தான். வாசிக்கப்போவது இங்கே படித்துச் சாதாரண தரம் எழுதிய பிள்ளைகள். அவர்களின் சொல்லை இப்போது மாற்ற முடியாது.

தெகிவளை, செவ்வாய் இரவு

நான் தீயணைப்பு வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன். இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன், இப்போது எழுதத்தான் வேண்டும்.

முதலில் ஒட்சிசன். வெள்ளவத்தைத் தம்பி எழுதவில்லை, ஆனால் பத்திரிகைகள் எழுதுகின்றன. முதுகில் இருப்பது ஒட்சிசன் அல்ல, சாதாரணக் காற்று, அடைத்து நிரப்பியது. 6 லீற்றர் உருளையில் அமுக்கம் 300 பார் (பார் என்பது அமுக்க அலகு) என்றால் ஏறத்தாழ 1800 லீற்றர் காற்று. நிமிடத்துக்கு 40 லீற்றர் கணக்கில் 45 நிமிடம். ஆனால் ஹோஸை இழுத்துக்கொண்டு மாடி ஏறுகிறவர் 60 லீற்றர் இழுப்பார், 30 நிமிடத்தில் முடிந்துவிடும். ஐரோப்பியத் தரப்படி ஏறத்தாழ 55 பாரில், காற்று முடியப்போகிறது என்று எச்சரிக்கும் விசில் ஊதும், அந்த மிச்சக் காற்றையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஒரே நேரத்தில் உள்ளே போன இரண்டு பேருக்கு ஒரே மீதி இருக்காது. பலகைக் கணக்கு பிழையாகிப்போவது இங்கேதான், கருவி உதவுவதும் இங்கேதான்.

1999 டிசம்பர் 3ஆம் தேதி அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் ஒரு குளிர்சேமிப்புக் களஞ்சியம் எரிந்தது. உள்ளே இரண்டு பேர் வழி தவறினார்கள். காற்று முடிகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கே இருக்கிறார்கள் என்று வெளியே இருந்தவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. தேடிப் போனவர்களும் சேர்ந்து ஆறு பேர் இறந்தார்கள். உள்ளே இருப்பவரின் இடத்தைக் காட்டும் கருவிக்கான ஆராய்ச்சியை முடுக்கிவிட்டது அந்தத் தீதான். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் கூரை முட்டச் சரக்கு அடுக்கிய கடைகளுக்குள் ஒருதரம் போய்ப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று விளங்கும்.

தலைப்புக்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்குச் சரி. என் கவலை திரையில் வரும் சொல். ஆள் நிலக்கீழ்த் தளத்துக்கு இறங்கினதும் ரேடியோ அறுந்துவிடும். திரையில் 140 பார் என்று பழைய எண் அப்படியே நிற்கலாம். அதிகாரி அதை நம்பி இன்னும் நேரம் இருக்கிறது என்று விட்டுவிட்டால்? இப்போது வந்த எண்ணுக்கு ஒரு சொல், முன்பு வந்து நின்றுபோன எண்ணுக்கு வேறு சொல் வேண்டும். அசையாமல் 30 செக்கன் போனால் அலறும் கருவிக்கும் இதே பிரச்சினை. 'அசைவில்லை' என்பதும் 'தகவல் இல்லை' என்பதும் பார்த்தவுடன் வேறாகத் தெரிய வேண்டும். இரண்டும் 'இல்லை' என்று முடிந்தால் ஆபத்து.

வெள்ளவத்தை, புதன் காலை

தெகிவளை ஐயா, இதைக் கைநூலின் ஆங்கில மூலமே பிரித்துச் சொல்லவில்லை. 'இப்போதைய அளவு', 'கடைசியாக வந்த அளவு' என்று போடுகிறேன். கடைசி அளவுக்குப் பக்கத்தில் வந்த நேரமும் இருக்கும். 'அசைவில்லை' என்பதை 'ஆள் அசையவில்லை' என்று முழுதாக எழுதுகிறேன். மற்றது 'தொடர்பு அறுந்தது'. தலைப்பு வெறும் 'கருவித் தரவு'. இணைப்பைப் பற்றிய விளக்கம் முதல் பந்தியில் வரும்.

சென்னை, புதன் காலை

கருவித் தரவா, கருவிகள் தரும் தரவா? கருவியைப் பற்றிய தரவு, அதாவது விலை, எடை, வாங்கிய தேதி என்றும் படிக்கலாமே.

யாழ்ப்பாணம், புதன் மதியம்

படிக்கலாம். ஆனால் அத்தியாயத்தை வாசிக்கிறவர் அப்படிப் படிக்கமாட்டார். நான் கருவித் தரவுக்குச் சம்மதம். அத்தியாயத்துக்குள் ரெலிமெற்றி என்று ஒருதரமாவது போட்டால் நல்லது. கருவியின் பெட்டியில் அந்தச் சொல்தானே இருக்கும்.

பம்பலப்பிட்டி, புதன் மாலை

எனக்கும் சரி. இதற்கு மேல் இழுத்தால் வெள்ளி வந்துவிடும்.

கொட்டாஞ்சேனை, புதன் இரவு

பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் கருவித் தரவு பொதுச்சொல், கலைச்சொல் அல்ல. அடுத்த கைநூலுக்கு மறுபடியும் இதே கேள்வி வரும். ஆகவே என் மறுப்பைப் பதிந்து வைக்கிறேன், சேணளவையையும் சொல்லடைவில் சேர்த்துவிடுங்கள். திரைச்சொற்களில் தெகிவளைக்காரர் சொன்னது முழுவதும் நியாயம். 'தொடர்பு அறுந்தது' என்பதில் மட்டும் ஒரு சந்தேகம்: தொடர்பு திரும்ப வரும் அல்லவா? அறுந்தது திரும்ப ஒட்டாது. 'தொடர்பு நின்றது' என்று போட்டால் என்ன?

தெகிவளை, வியாழன் காலை

நின்றது வேண்டாம் ஐயா. ஆள் நின்றதாக வாசித்துவிடுவார்கள். அறுந்தது என்றால் உடனே ஆளைத் தேடுவார்கள், அதுதான் வேண்டும்.