மணற்பாங்கான பாட்சால் மண்: எந்த வகைப்பாட்டு முறையில் என்ன பெயர்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கரிசல்காட்டான்
வட ஜெர்மனியின் லூனபர்க் ஹைடேயில், படிக்கிற காலத்தில் குழி வெட்டினோம். ஹீதர் என்ற குட்டைப் புதர் மண்டிய, காலங்காலமாக ஆடு மேய்ந்த மணல்வெளி. மேலே கறுத்த மட்கு, அடுத்து வெளுத்த சாம்பல் நிற மணல், அதற்கடியில் டிகாக்‌ஷன் கொட்டியது போல ஒரு கறுப்பு, பிறகு துருநிறம். அந்தத் துரு அடுக்கில் மண்வெட்டி ணங்கென்று நின்றுவிட்டது. ஓர்ட்ஷ்டைன் என்பார்கள், மட்கும் இரும்பும் அலுமினியமும் இறங்கி மணலைக் கெட்டிப்படுத்தியிருக்கும். இப்படி மேலே வெளுத்து, கீழே மட்கும் இரும்பும் படிந்த மண்ணுக்கு ஜெர்மன் முறையிலும் சர்வதேச மண் வகைப்பாடான டபிள்யூ.ஆர்.பி. முறையிலும் பாட்சால் என்று பெயர், அமெரிக்க முறையில் ஸ்போடோசால். இந்த மாதிரிக் குழியில் பெயர் பற்றிச் சண்டையே வராது. அரைகுறையாக வெளுத்த மணலில்தான் வரும்.

ஜாக்பைன்
அதேதான் அண்ணா! கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில் ஜாக் பைன் மரம் நிற்கிற மணலில் நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். பார்வைக்கு அழகான பாட்சால்: வெள்ளைக் கோடு, கீழே செம்பழுப்பு. ஆனால் கனடா முறையில் அந்தச் செம்பழுப்பு அடுக்கு 10 செ.மீ. கனமாவது இருக்க வேண்டும். ஆய்வகத்தில் பைரோபாஸ்பேட் கரைசலில் கரைந்து வரும் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து மணலில் 0.4 சதவீதமாவது, மற்ற மண்ணில் 0.6 ஆவது வேண்டும். கனம் குறைந்தால், அவ்வளவாக வளர்ச்சியடையாத மண்ணுக்கான புருனிசால் வகைக்குப் போய்விடும். டபிள்யூ.ஆர்.பி.யில் மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால் 2.5 செ.மீ. போதும். ஆக, டேப் வைத்து அளக்கிற இடத்திலேயே பெயர் மாறிவிடுகிறது. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. மண்ணில் நடந்திருப்பது ஒரே வேலைதானே?

விஸ்துலா
போலந்தில் இப்படி பாட்சால் ஆகாமல் துருநிறத்தோடு நிற்கிற மணலுக்கென்றே ‘துரு மண்’ என்று தனி வகை வைத்திருக்கிறார்கள். டபிள்யூ.ஆர்.பி.க்குப் போனால் அதில் பெரும்பாலானவை அரினோசால், அதாவது மணல் மண். அமெரிக்க முறையில் சும்மா மணல் என்டிசால், அதாவது அடுக்குகள் சரியாக உருவாகாத மண்.

ஈரமணல்
ஃப்ளோரிடாவை விட்டுவிட்டீர்களே. அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ மண்ணான மயாக்கா, மணல் ஸ்போடோசால்தான். ஆனால் குழியில் துருநிறத்தைத் தேடினால் கிடைக்காது. நிலத்தடி நீர் ஏறி இறங்குகிற இடம், இரும்பு மிகக் குறைவு. வெள்ளை மணலுக்குக் கீழே நேராகக் கறுப்பு. விரலில் தேய்த்தால் மணலைச் சுற்றியிருக்கும் மட்குப் பூச்சு கையில் ஒட்டும். அமெரிக்க முறையில் அது அலாக்குவாட், அதாவது ஸ்போடோசாலில் ஈரமான, இரும்பு குறைந்த உட்பிரிவு. ஜாக்பைன், உங்கள் கனடா முறையில் இதற்கு ரொம்ப நெருக்கம் ஹியூமிக் பாட்சால், அதாவது மட்கு படிந்த பாட்சால். அங்கேயும் இரும்பு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.