பரவின மெலனோமா: அப்போ பாத்ததும் இப்போ பாக்குறதும்

பிரிஸ்பேன் நர்ஸ்:
நான் இங்க கேன்சர் வார்டுல சேந்தது 2011க்கு முன்னாடி. அப்பல்லாம் மெலனோமா, அதாவது தோல்ல நிறம் குடுக்குற செல்லுல வர்ற கேன்சர், ஈரல், நுரையீரல்னு பரவிட்டா டகார்பசின் கீமோ தான், அது 1975லயே வந்த மருந்து, பெருசா கேக்காது, பாதிப்பேர் ஒரு வருஷம்கூட தாண்ட மாட்டாங்க. பேத்தி கல்யாணத்துக்கு இருப்பேனான்னு கேப்பாங்க, என்னத்த சொல்றது, பேச்ச மாத்துவோம். அப்புறம் 2011ல இபிலிமுமாப், 2014ல பெம்ப்ரோலிசுமாபும் நிவோலுமாபும் வந்துச்சு. இதெல்லாம் கேன்சர நேரா கொல்றதில்ல, நம்ம எதிர்ப்பு செல்லுக்கு விழுந்திருக்குற பிரேக்க எடுத்துவிடும், மீதிய அதுங்களே பாத்துக்கும். இந்த பிரேக்க கண்டுபிடிச்சதுக்குத்தான் அலிசன், ஹோன்ஜோங்கிற ரெண்டு விஞ்ஞானிகளுக்கும் 2018ல நோபல் குடுத்தாங்க. இபியும் நிவோவும் சேத்துப் போட்டவங்கள்ல 10 வருஷம் கழிச்சும் 43% பேர் உயிரோட இருக்காங்கன்னு 2024ல ரிசல்ட் வந்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. எங்க பேஷண்ட் ஒரு தாத்தா, மருந்து போட்டு குடல் புண்ணாகி வயித்தால போயி ஸ்டீராய்டு குடுத்து மருந்தையே நிறுத்த வேண்டியதாச்சு, ஆனாலும் கட்டி திரும்ப வரல, இன்னைக்கும் செக்கப்புக்கு வர்றப்ப தோட்டத்து எலுமிச்சம்பழம் ஒரு பை நிறைய கொண்டாந்து தருவாரு.

சேலம் குமார்:
அமெரிக்காவோட முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கும் இதுதானே அக்கா? 2015ல மூளை வரைக்கும் போயிருச்சுன்னாங்க, பெம்ப்ரோவும் ரேடியேஷனும் குடுத்தாங்க, மனுஷன் 100 வயசு பாத்துட்டு 2024 கடைசிலதான் போனாரு.

மதுரை செந்தில்:
சிஸ்டர், எங்க பெரியம்மாவுக்கு உள்ளங்கால்ல வந்துச்சு. கருப்பா, ஓரம் கோணலா இருந்தத கால் ஆணின்னு சொல்லி ஒரு டாக்டர் பிளாஸ்டர் ஒட்டச் சொன்னாரு, தொடை இடுக்குல நெறி கட்டின பிறகுதான் பயாப்ஸியே எடுத்தாங்க. வெயில்பட்டா வர்றதுன்னு படிச்சிருக்கேன், உள்ளங்கால்ல ஏது வெயில்? இப்ப நிவோ போயிட்டிருக்கு.

பிரிஸ்பேன் நர்ஸ்:
இது அக்ரல் வகை தம்பி, வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, நம்ம மாதிரி கருப்புத் தோல்காரங்களுக்கு மெலனோமா வந்தா அதிகமா காலடியிலயும் நகத்துக்கு அடியிலயும்தான் வரும். பாட்டுக்காரர் பாப் மார்லிக்கு கால்விரல்ல வந்ததும் இதான், 1981ல 36 வயசுலயே போயிட்டாரு. வெள்ளக்காரங்களுக்கு கேக்குற அளவுக்கு இந்த வகைக்கு இம்யூனோ, அதான் அந்த பிரேக்க எடுக்குற மருந்து, கேக்குறதில்ல, அதான் எனக்கு ரொம்ப ஆத்தாமையா இருக்கு, ஆனா நல்லா கேட்டவங்களும் இருக்காங்க, விடாம போடுங்க. பெரியம்மாவுக்கு வயித்தால போனாலோ மூச்சு வாங்கினாலோ மருந்துக்கடையில எதாச்சும் வாங்கிக் குடுத்து சமாளிக்காதீங்க, அன்னிக்கே கேன்சர் டாக்டருக்கு போன் போடுங்க. அடுத்த ஸ்கேன் எப்போ?