நாயகி ஜெபித்ததும் கடப்பாரை கிடைக்கிறது

தலவாக்கலை ஆசிரியை:

கிறிஸ்தவக் காதல் திகில் நாவலோடு எனக்கு ஏற்பட்ட முதல் பழக்கம் இலங்கை மலையகத்தில், பதுளை ரயிலில். கனடாவிலிருந்து வந்த பெட்டியில் அத்தைக்குக் கிடைத்த ஆங்கிலப் புத்தகம் அது. நானுஓயாவில் திறந்தேன். பட்டிப்பொல தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது நாயகி பூட்டிய களஞ்சியத்துக்குள் இருக்கிறாள். வெளியே கொலைகாரனின் காலடிச் சத்தம். எங்கள் பெட்டியில் விளக்கு எரியவில்லை. பையன்கள் வழக்கம்போலக் கூச்சலிட்டார்கள். அந்த இருட்டில் எனக்கு உண்மையாகவே நெஞ்சு அடித்துக்கொண்டது. வெளிச்சம் வந்ததும் அடுத்த வரியைத் தேடினேன். அவள் ஜெபித்தாள், கைக்கு ஒரு கடப்பாரை தட்டுப்பட்டது. ஒஹிய வருவதற்கு முன்பே என் பயம் இறங்கிப் போய்விட்டது.

ஜெபத்தோடு எனக்கு வழக்கில்லை, நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் கேட்ட போதெல்லாம் கேட்ட கையோடு கிடைத்தால் அங்கே திகிலுக்கு என்ன வேலை? பைபிளில் எஸ்தர் ராணியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வருவதில்லை. தன் இனத்தைக் காப்பாற்ற, எஸ்தர் மூன்று நாள் உபவாசம் இருந்துவிட்டு, அழைக்கப்படாமலே ராஜாவின் முன்னால் போய் நிற்கிறாள். அவன் செங்கோலை நீட்டாவிட்டால் சாவுதான். நீட்டிய பிறகும் ஆபத்து தீரவில்லை. ஆறாம் அதிகாரத்தில் ஓர் இரவு ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை; நடபடிப் புத்தகத்தை வாசிக்கச் சொல்கிறான்; எஸ்தரை வளர்த்த மொர்தெகாய் முன்பு ராஜாவின் உயிரைக் காப்பாற்றியது தெரியவருகிறது. தூக்கத்தைக் கெடுத்தது யார் என்று எழுதியவர் வாய் திறக்கவில்லை. நமக்குத்தான் மயிர்க்கூச்செறிகிறது.

அந்த நாவலின் காதல் பகுதியும் கடப்பாரை கிடைத்த மாதிரிதான். நாயகன் முன்னாள் போலீஸ்காரன், விசுவாசத்தை இழந்தவன். அவிசுவாசியோடு நுகத்தில் பிணைக்கப்படலாகாது என்று பைபிளில் 2 கொரிந்தியர் 6:14 இருப்பதால், கல்யாணத்துக்கு முன் அவன் மனந்திரும்பியே ஆக வேண்டும். பக்க எண்ணைப் பார்த்து நாளைக் குறித்துவிடலாம். காதல் நாவல்கள் வெளியிடும் ஹார்லெக்வின் நிறுவனம் 1997இல் 'லவ் இன்ஸ்பயர்ட்' என்று கிறிஸ்தவக் காதல் கதைகளுக்கு ஒரு வரிசை தொடங்கி, 2005இல் திகிலுக்குத் தனி வரிசை பிரித்தது. சீருடை தைப்பதுபோல் ஒரே அளவில் வந்துகொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும்.

மஸ்கெலியா வாசகர்:

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த எனக்கு இந்தக் கதைகளில் நம்ப முடியாமல் போவது தனிமைதான். கூப்பிட்டால் கேட்க ஆளில்லாத பண்ணை வீடு! எங்கள் லயத்தில் முதல் காம்பிராவில் (ஒரு குடும்பம் இருக்கும் அறை) இருமினால் நாலாவது காம்பிராவிலிருந்து கொத்தமல்லித் தண்ணீர் வரும். புதிய ஆள் ஒருவன் தோட்டத்து ரோட்டில் ஏறினால், கோயில் திருப்பத்தை அடைவதற்குள் அவன் யார் வீட்டு உறவு என்று பேசி முடித்துவிடுவார்கள்.

ஆனால் இங்கே வேறொரு திகில் உண்டு, டீச்சர். நடுராத்திரியில் ஒரு பெண் அடி வாங்கி அலறுவாள். பத்துக் காம்பிராவுக்கும் கேட்கும். ஒரு கதவும் திறக்காது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவள் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அவளும் ஜெபித்திருப்பாள், இல்லையா? அந்த இரவை எந்த நாவலாவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், கடன் வாங்கியாவது வாசிக்கிறேன்.

தலவாக்கலை ஆசிரியை:

இதற்கு என்னிடம் பதில் இல்லை, அண்ணா. உங்கள் கேள்வியை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவம் என்று வந்து கூப்பிடுவார்கள். மழையில் ஜெபித்துக்கொண்டே மலை ஏறுவேன். எத்தனை தடவை பிந்திப் போயிருக்கிறேன் என்று உனக்குத் தெரியுமா? புத்தகத்திலாவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்."

அடுத்த புத்தகத்தையும் கையில் கொடுத்திருக்கிறார். கொலைகாரன் சபைப் பொருளாளர் என்று இருபதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை, வாசித்துக்கொண்டிருக்கிறேன்.